வாசலோட நின்னுக்க

கூடுவாஞ்சேரி
11.7.2004

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே நானும் என் கிடாரும் சுகம். நீங்களும் தங்கை மீராவும் சௌக்கியம்தானே? சித்தப்பாவைத்தான் விசாரிக்க முடியாத நிலைமை. சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டுப் பாட்டுப் பாடப் போனவன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவர் சொன்ன பிறகு, உங்களோடு போனில்கூடப் பேச முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அவர்தான் எடுக்கிறார், நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

எங்கள் குழுவுக்கு 'நாலாம் பிளாட்பாரம்' என்று பெயர் வைத்தாயிற்று. டிரம்ஸ் விஷால், பேஸ் கிடார் ஷபானா, பாட நான். கீழ்வீட்டு காசிநாதன்தான் எங்கள் ஒரே ரசிகர். "இன்னாப்பா, பாட்டுப் பாடிகினு கீறீங்களா, வூட்ட இடிச்சிகினு கீறீங்களா?" என்று தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாவலில், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராமல், செங்கம்மாள் வாசலில் நின்று கடலைக் கூப்பிட்டுப் பாடுவாளே, அந்தப் பாட்டு எங்களுக்கு வேண்டும். ராக் பாலட் என்று ஒரு வகை இருக்கிறது சித்தி. மெதுவாக ஆரம்பிக்கும், கடைசியில் உச்சத்துக்குப் போய் ஆளைக் கரைத்துவிடும். இந்தப் பாட்டு அதற்கென்றே எழுதியது போல இருக்கிறது.

அனுமதி கொடுப்பீர்கள் என்று நம்பி ஏற்கெனவே மெட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் பிள்ளை,
இனியன்


கல்பாக்கம்
22.7.2004

அன்புள்ள இனியனுக்கு,

ஆசிகள். நல்லபடி இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது, அவ்வளவு துள்ளல். இங்கே டவுன்ஷிப்பில் எல்லாம் வழக்கம்போல. உன் சித்தப்பா ஆபீஸ், வீடு, செய்தித்தாள். நான் பள்ளிக்கூடம், சமையல், திருத்த வேண்டிய விடைத்தாள்.

நாவல் வந்து ஏழு வருஷம் ஆகிறது. படித்தேன் என்று இதுவரை சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அச்சுக்கோத்தவர். மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன. உன் சித்தப்பா படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நாவலிலிருந்து ஒரு பாட்டை ஒருத்தன் வந்து கேட்கிறான் என்றால் நான் மாட்டேன் என்றா சொல்லுவேன்? எடுத்துக்கொள். ஒரே ஒரு நிபந்தனை. ஆறு வரியும் முழுசாக இருக்க வேண்டும்.

கடலே வா கடலே வா
காலு நனைய வூட்டுக்கு வா
கொண்டு போன ராசாவைக்
கோலத்து மேல வச்சிட்டு
வாசலோட நின்னுக்க
வந்த வழியே போய்க்க

செங்கம்மாள் துக்கத்தில் கூப்பிடுகிறாள், ஆனால் புத்தி கெட்டுக் கூப்பிடவில்லை. பூசாரி உடுக்கை அடித்துச் சாமியை வரவழைத்தால், குறி கேட்டு முடித்ததும் மலையேற்றித்தானே அனுப்புகிறார்? வரவழைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவாரா? கடைசி இரண்டு வரிதான் மலையேற்றுவது. அது இல்லாமல் பாடக் கூடாது.

மீராவைப் பொத்தேரிக் கல்லூரியில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ பக்கத்திலேயே இருக்கிறாய், எட்டிப் பார்த்துக்கொள். ஆனால் உங்கள் ரூம் பக்கம் அவளை வரவிடாதே. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


கூடுவாஞ்சேரி
5.9.2004

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். மீராவை கேன்டீனில் பார்த்தேன். தோசை வாங்கிக் கொடுத்தேன். இளைக்கவில்லை, கவலை வேண்டாம்.

மெட்டு வந்துவிட்டது. 'கோலத்து மேல' என்கிற இடத்தில் டிரம்ஸ் உள்ளே நுழையும்போது காசிநாதனே வாசலில் நின்று கேட்டார். "இது மட்டும் சோக்கா கீதுப்பா" என்றார்.

ஒரு சிக்கல். பாட்டு அங்கே உச்சத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் இரண்டு வரியும் அதைக் கீழே இறக்கிவிடுகின்றன. எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றினது போல ஆகிவிடுகிறது. நாலாவது வரியை 'கோலத்து மேல வைக்க வா' என்று மாற்றி, 'வா வா' என்று திரும்பத் திரும்பச் சொல்லி அங்கேயே முடித்தால் கேட்கிறவன் எழுந்து நின்றுவிடுவான். யோசித்துச் சொல்லுங்கள்.

கூடப் பாட ஒரு பெண் குரல் கிடைத்திருக்கிறது. யார் என்று பிறகு சொல்கிறேன்.

இனியன்


கல்பாக்கம்
14.9.2004

அன்புள்ள இனியனுக்கு,

ஆசிகள். நலம். இங்கே ஒரு வாரமாக மழை.

யோசிக்க ஒன்றுமில்லை. முடியாது. உன் பாட்டு இறங்குகிறது என்றால் இறங்கட்டும். ஏறினது எல்லாம் இறங்கத்தான் வேண்டும். ஒரு பெண் வாசலில் நின்று கடலை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் தமிழ் வாத்தியார் மகள், தமிழ் டீச்சர். பாடினது பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள். சிரிக்காதே. இங்கே எல்லோரும் விஞ்ஞானிகள், சொன்னால் அவர்களும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடல்.

சித்தி


கூடுவாஞ்சேரி
2.11.2004

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நலம் என்று எழுதுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

கேசட் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வரியும் இல்லை. எவ்வளவோ முயன்று பார்த்தோம், உட்காரவில்லை. கல்லூரி விழாவில் பாடினோம் சித்தி. கடைசி 'வா'வை இரண்டாயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். பாட்டை எழுதியது யார் என்று மேடையில் உங்கள் பெயரைச் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். எஃப்.எம். காரர்கள் கேசட் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

கோபம் தணிந்ததும் எழுதுங்கள்.

இனியன்


கல்பாக்கம்
15.11.2004

அன்புள்ள இனியனுக்கு,

ஆசிகள். தலைவலி, வேறொன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போன பிறகு, ஆங்கில வகுப்புக்கு வைத்திருக்கிற டேப்ரிகார்டரில் போட்டுக் கேட்டேன். உன்மேல் எனக்குக் கோபம்தான். கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்யவில்லை. ஆனால் பாட்டு நன்றாக வந்திருக்கிறது. அதை மறைத்தால் நான் பொய்க்காரி.

அந்தப் பெண் யார் என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் எழுதாதே. கேசட் வீட்டுக்கு வராது, பள்ளிக்கூட பீரோவிலேயே இருக்கும். அவள் 'ராசாவை' என்கிற இடத்தில் மூச்சை அவசரமாக விடுகிறாள், சின்னதிலிருந்தே அப்படித்தான். நிதானமாக விடச் சொல். தொண்டைக்கு ஐஸ்கிரீம் வேண்டாம் என்றும் சொல்.

அடுத்த தடவை பாடும்போது இரண்டு வரியையும் சேர்த்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

சித்தி


கூடுவாஞ்சேரி
12.12.2004

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். தலைவலி விட்டதா? சித்திக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா திட்டலியா? நெஜமாவே திட்டலியா?" என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் பொங்கலுக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஆறு வரியும் பாடுகிறோம். கிடார் மட்டும் வாசித்து மெதுவாக இறங்கலாம் என்று ஷபானா ஒரு வழி சொல்லியிருக்கிறாள். கடலோரத்தில் நின்று உங்கள் சொல்படியே கடலைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம், போதுமா?

மீரா இருபத்துநாலாம் தேதி ஊருக்கு வருகிறாள். மார்கழிக் கோலம் போட ஆள் வந்தாயிற்று என்று சந்தோஷப்படுங்கள்.

இனியன்


கூடுவாஞ்சேரி
11.1.2005

சித்தி,

அன்றைக்கு உங்கள் வாசல் வரை வந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்கள் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை.

மாமல்லபுரத்துக்கு நாங்கள் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா சித்தி? ஒரு வரி எழுதுங்கள். நலம் என்று எழுத வேண்டாம். ஏதாவது எழுதுங்கள்.

இனியன்


கூடுவாஞ்சேரி
20.2.2005

சித்தி,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வரும் என்று எதிர்பார்ப்பதும் தப்புதான்.

சுனாமி நிவாரணத்துக்குக் கச்சேரி வைக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். முன்னாலேயே எழுதிவிட்டாராமே, எப்படித் தெரியும் அவருக்கு என்று கேட்கிறார்கள். கேட்டவன் சட்டையை விஷால் பிடித்துவிட்டான். நாங்கள் பாடுவதில்லை. எஃப்.எம்.மில் போடுவதை மட்டும் எங்களால் நிறுத்த முடியவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். நேயர்கள் கேட்கிறார்கள் என்கிறார்கள்.

இனியன்


கல்பாக்கம்
17.3.2005

இனியனுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் போக ஆரம்பித்திருக்கிறேன், அதனால்தான் தாமதம்.

யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உனக்குச் சொல்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்னால் எழுந்து அவள்தான் கோலம் போட்டாள். பெரிய கோலம், கேட் வரைக்கும். பிறகு எதிர் பிளாக் மேரி வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்திருந்தாள். பீச்சுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். டிபன் ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வந்து சாப்பிடுகிறேன் என்றாள். நானும் சரி என்றேன்.

கடல் எங்கள் வீடு வரை வரவில்லை. தெருமுனையில் விளையாட்டுத் திடலோடு நின்றுவிட்டது. மேரி ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். இப்போது என்னை வழியில் பார்த்தால் அந்தப் பெண் வேறு தெருவில் திரும்பிப் போய்விடுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை அவளை. என்ன சொல்லப் போகிறேன்?

மீராவை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கேட்டைத் திறந்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே வைத்தார்கள். அவள் போட்ட கோலத்தின் மேல்.

நான் எழுதினதைத்தான் செய்தார்கள் இனியா. ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார்கள்.

எனக்கும் படிப்பு இருக்கிறது. பூமிக்கு அடியில் என்ன நடந்தது என்று உன் சித்தப்பா படம் போட்டே விளக்கினார். புரிந்தது. ஆனாலும் ராத்திரி பகல் எந்நேரமும் எனக்கு அந்த இரண்டு வரிதான். வா வா என்று ஊரே கூடிக் கூப்பிட்டீர்கள். போ என்று ஒருத்தர் சொல்லவில்லை. அதைத்தானே நான் உன்னிடம் கேட்டேன்? எத்தனை தடவை கேட்டேன்? கூப்பிட்டதும் என் பெண் குரலில்.

உனக்கு இப்படி எழுதுவது நியாயமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இனி யாரும் அதைப் பாடக் கூடாது.

சித்தி


கல்பாக்கம்
8.5.2005

சிரஞ்சீவி இனியனுக்கு,

ஆசீர்வாதம். உன் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு கேட்டது. அதில் மீரா பாடினாள். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் என் பெண்ணின் குரல் எனக்குத் தெரியாமல் போகாது. உன் சித்தியைக் கேட்டேன். ஆமாம் என்றாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பதையும், என்னிடம் சொல்ல ஏன் பயந்தார்கள் என்பதையும் புரிந்துகொண்டேன்.

வீட்டில் அவளுடைய போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை. வீட்டில் நடமாடுகிற பெண்ணின் குரலை யார் பதிவு செய்து வைக்கப் போகிறார்கள்? அவள் பாடுவாள் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை.

உன்னிடம் வேறு ஏதாவது இருந்தால் அனுப்பு. பாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேசினது, இருமினது எதுவானாலும் சரி. வீட்டு விலாசத்துக்கே அனுப்பலாம். நேரில் கொண்டுவந்தாலும் சரி. நீ வரலாம்.

ஜானகிராமன்


கூடுவாஞ்சேரி
29.5.2005

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

வணக்கம். நேரில் வரத்தான் பஸ் ஏறினேன். செங்கல்பட்டோடு இறங்கித் திரும்பிவிட்டேன். தைரியம் வரவில்லை. அதனால் பார்சலில் அனுப்புகிறேன்.

சித்தப்பா கேட்ட பிறகு, ரிக்கார்டிங் நடந்த இடத்தில் போய் வேண்டாமென்று ஒதுக்கிய டேப்புகளை எல்லாம் உட்கார்ந்து கேட்டேன். ஒன்றில் மீரா மட்டும் தனியாகப் பாடியிருக்கிறாள். நாங்கள் யாரும் அறையில் இல்லாதபோது, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பாடியிருக்கிறாள் போல. டிரம்ஸ் கிடையாது, கிடார் கிடையாது. முடித்துவிட்டு, "அண்ணா, இத ஏன் வேணாங்கற, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கிறாள். கேட்க அங்கே நான் இல்லை.

சித்தி, அவள் ஆறு வரியும் பாடியிருக்கிறாள். 'வாசலோட நின்னுக்க, வந்த வழியே போய்க்க' என்று அவ்வளவு நிதானமாக, நீங்கள் பிறகு எழுதப் போவது அப்போதே தெரிந்தது போல மூச்சை விட்டு. அந்த வரி பாடாமல் விடப்படவில்லை சித்தி. வேறு யாரும் இல்லை, அவளே பாடியிருக்கிறாள். இதை உங்களிடம் சேர்த்துவிட்டால் உங்கள் மனசுக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

உங்கள் பிள்ளை,
இனியன்


கல்பாக்கம்
26.6.2005

அன்புள்ள இனியனுக்கு,

ஆசிகள். பார்சல் வந்தது. உன் சித்தப்பா புதிதாக ஒரு டேப்ரிகார்டர் வாங்கி வந்தார். ஹாலில் வைத்துக் கேட்டோம். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். இப்போது தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் போடுகிறார். பாட்டைக்கூட அவ்வளவு கேட்பதில்லை. கடைசியில் "அண்ணா, இத ஏன் வேணாங்கற" என்று வருகிறதே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரியை விட்டதால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும், எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது போதாது, நேரில் வந்து சண்டை போட்டிருக்க வேண்டும் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம், எனக்கு அது ஒரு காரணம். காரணத்தை வைத்துக்கொண்டு ஒரு பகலைத் தள்ளிவிடலாம்.

இப்போது அவளே முழுசாகப் பாடியிருக்கிறாள். நில் என்று சொல்லியிருக்கிறாள், போ என்று சொல்லியிருக்கிறாள், என்ன அழகாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியும் வந்தது. உன்மேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை, பாட்டின்மேலும் தப்பில்லை. ஒரு காரணமும் இல்லாமல், சும்மா வந்திருக்கிறது. இதை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

பாட்டை நீங்கள் பாடுங்கள். பாடக் கூடாது என்று நான் எழுதினதை மறந்துவிடு. ஆறு வரியாகப் பாடினாலும் சரி, நாலு வரியாகப் பாடினாலும் சரி. கடலுக்குத் தமிழ் தெரியாது. நான்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவைப் பார்க்க வா. அவருக்கு உன்னிடம் அவளைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. என்னிடம் ஒன்றும் பேச வேண்டியதில்லை. சாப்பாடு போடுகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ.

சித்தி